வலப்பக்கக் குழாய்

அன்பு மகன் பாண்டிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. நீ தம்பிக்கு அனுப்பின படம் பார்த்தேன். கோஹோ சால்மன் என்றான். கொழுத்த மீன்தான். தேதி செவ்வாய்க்கிழமை என்று போட்டிருந்தது. லீவு போட்டிருப்பாய்.

மீனை விடு. நீ உட்கார்ந்திருக்கிற காற்றடைத்த படகின் வலப்பக்கக் குழாயில், நாற்காலிச் சட்டத்தை ஒட்டிச் சுருக்கம் விழுந்திருக்கிறது, பார்த்தாயா? காற்று பத்தவில்லை. கரையில் வெயிலில் அடித்த காற்று, குளிர்ந்த ஆற்றுத் தண்ணியில் இறக்கினதும் சுண்டும். இறக்கிப் பத்து நிமிஷம் கழித்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து மறுபடி அடி. மத்தியானம் கரையேற்றி வெயிலில் போட்டால் கொஞ்சம் இறக்கிவிடு, இல்லாவிட்டால் தையல் பிரியும்.

ஒட்ட வேண்டி வந்தால் நம்ம பஞ்சர் கடைச் சொல்யூஷன் ஆகாது, அது ரப்பருக்கு. பி.வி.சி.க்குத் தனிப் பசை உண்டு. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடை. கிழிசலைத் தாண்டி நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பேட்ச் நிற்கணும். ஒரு நாள் முழுக்கக் காயணும்.

மிதவைச் சட்டையைச் சீட்டுக்கு அடியில் வைக்காதே, போட்டுக்கொள். அந்தத் தண்ணியில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கியே தண்ணியைக் குடித்துவிடுவாய். பத்து நிமிஷத்தில் விரல் மடங்காது, கயிறு பிடிக்க முடியாது.

நங்கூரத்தைப் பின்பக்கம் நடுவில் கட்டு. பக்கவாட்டில் கட்டினால் இழுப்பு படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். வேகமான ஓட்டத்தில் போடவே போடாதே. கயிற்றின் கடைசி நுனியில் முடிச்சு வேண்டாம்; சிக்கினால் ஓடிப் போகட்டும். கத்தி நெஞ்சுப் பையில் இருக்கட்டும்.

சின்ன ஆறுதானே என்று நினைக்காதே. வளைவில் சாய்ந்து கிடக்கிற மரத்துக்குள்ளே தண்ணி போகும், ஆள் போகமுடியாது. மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து துடுப்பைப் பின்னுக்கு இழு. தள்ளுவதைவிட இழுப்பில்தான் பலம். கோஹோ அந்த மரத்தடித் தேக்கத்தில்தான் நிற்கும், அதுதான் வம்பு. மரத்துக்கு முன்னாலேயே கரையிறங்கி நின்று வீசு. ஆறு ஏறின சால்மன் இரை தேடாது, எரிச்சலில்தான் கடிக்கும். ஒரே இடத்தில் இருபது தடவை வீசலாம், அவசரமில்லை. தென்கரைக் கண்மாயில் உன்னைப் போல வலை வீச ஆள் கிடையாது, அந்தத் தைரியம்தான் எனக்குப் பயம். மிதவைச் சட்டையைப் போடு.

மூழ்கிச் செத்த சித்தப்பாவைக் குடியால் போனான் என்றே எல்லாரும் சொல்லிவிட்டோம். அன்றைக்கு அவன் குடிக்கவில்லை. அவன் கொண்டுபோன லாரி டியூப்பில் வால்வடியை ஒட்டினது நான்தான். வெளியே ஒரு வண்டி நின்றது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தொட்டித் தண்ணியில் அமுக்கிப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன். அமுக்கிப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா? அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

வலப்பக்க வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணி தடவி, குமிழி வருகிறதா பார்த்துப் போன் பண்ணு. எந்தக் கிழமையானாலும் சரி, நான் கடையில்தான் இருப்பேன்.

அப்பா
சோழவந்தான்