ஈரல் வறுவல்

அன்புள்ள தேவி,

பீரோவை ஒழித்தபோது உன் மார்க்‌ஷீட்டுகளுக்கு நடுவில் ஒரு செஸ் ஸ்கோர்ஷீட், அதுதான் நீ ஒவ்வொரு மூவையும் எழுதிவைத்த தாள், கிடைத்தது. 11 வயதுக்குட்பட்டோர் மாவட்டப் போட்டி, ஐந்தாவது ரவுண்டு, உனக்குக் கறுப்பு. ஈரோட்டுக் கல்யாண மண்டபத்தில் நடந்ததே, அதுதான்.

செஸ் கிளாஸ் போகும் எதிர்வீட்டுப் பையனிடம் காட்டினேன். ஆறு மூவ் அடுக்கியதுமே சிரித்துவிட்டான். "ஃபிரைட் லிவர் அட்டாக், தாத்தா!" ஈரல் வறுவலாம். பெயர் வைத்தவன் பசியில் இருந்திருப்பான். 400 வருஷத்துக்கு முன்பே இத்தாலியில் பொலேரியோ என்பவர் ஆடிய வலையாம். சின்னப் பிள்ளைகள் இன்னும் அதில் விழுகிறார்களாம்.

வெள்ளைக் குதிரை ஜி5 என்ற கட்டத்துக்கு வந்ததும் நீ டி5க்குச் சிப்பாயைத் தள்ளியது சரி. வெள்ளை அதை வெட்டியதும் நீயும் குதிரையால் திருப்பி வெட்டினாய். கை தானாகப் போகிற இடம், ஆனால் வலை அங்கேதான். சிப்பாய் போனால் போகட்டும் என்று இன்னொரு குதிரையை ஏ5க்கு நகர்த்தி பிஷப்பை மிரட்டியிருக்க வேண்டுமாம். நீ வெட்டவே, வெள்ளைக் குதிரை எஃப்7இல் பாய்ந்தது. ராஜாவால் அதை வெட்டினாய். ராணி எஃப்3க்கு வந்து செக்.

அடுத்து உன் ராஜா ஈ6க்கு ஏறியது. அதற்குத்தானே ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, ராஜாவை யாராவது நடுரோட்டுக்கு இழுத்து வருவார்களா என்று பஸ்ஸில் வழியெல்லாம் திட்டினேன்? காய் நகர்த்த மட்டுமே தெரிந்தவன் நான். ராஜா பின்வாங்கினால் பிஷப் டி5 குதிரையைத் தின்றுவிடும், வெள்ளை கொடுத்த காய் அதன் கைக்கே திரும்பிவிடும் என்று பையன் சொல்லித்தான் இப்போது தெரிகிறது. அப்புறம் இன்னொரு குதிரையை பி4க்குக் கொண்டுவந்து டி5 குதிரைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறாய். அந்த இடத்தில் நல்ல தற்காப்புகளில் அதுவும் ஒன்றாம். பத்து வயதில், யாரும் சொல்லித்தராமல்!

ஆக, தப்பு ஐந்தாவது மூவில். நான் திட்டியது ஏழாவதுக்கு. மன்னித்துக்கொள் கண்ணு. அன்றைக்கு வாங்கித் தந்த பொட்டலத்தை நீ பிரிக்கவே இல்லை. அடுத்த வருஷம் செஸ் வேண்டாம் என்றாய். படிப்புக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

16ஆவது மூவுக்கு மேல் உன் கையெழுத்து புரியவில்லை. பையன் பலகையைக் கலைக்காமல் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்.

அப்பா