உன் பயம் சித்தப்பாவின் நோயை வரவழைக்கவில்லை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "அப்பாவுக்குப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயம்தான் அதை இழுத்து வந்தது என்று தியான வகுப்பில் சொல்கிறார்கள். நிஜமா அக்கா?" போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் இன்னும் சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் உன் சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. உன் பயத்துக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

சரி, வகுப்பில் சொல்லும் "நம்பிக்கைதான் நம் உலகத்தை உருவாக்குகிறது" என்பது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் நீ முதல் நாளே எழுந்து வந்திருப்பாய். பாதி உண்மை என்பதால்தான் அது உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்தப் பாதி எங்கே முடிகிறது என்பதை நம் பெரியவர்கள் ரொம்பத் தெளிவாகவே கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் அந்தக் கோட்டை மட்டும் அழித்துவிட்டார்கள்.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வித்யாரண்யரின் நூல் என்று சொல்லப்படும் பஞ்சதசி என்ற அத்வைத வேதாந்த நூலின் நாலாவது அத்தியாயம் முழுக்க இதைப் பற்றித்தான். படைப்பு இரண்டு வகை என்கிறார். ஈசுவர சிருஷ்டி ஒன்று, ஜீவ சிருஷ்டி ஒன்று. ஒரு ரத்தினம் கிடக்கிறது. கிடைத்தவன் மகிழ்கிறான், கிடைக்காதவன் எரிச்சல்படுகிறான், ஆசை அற்றவன் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். ரத்தினம் மூவருக்கும் ஒன்றுதான், அது ஈசுவரன் படைத்தது. மகிழ்ச்சிக்குரியது, எரிச்சலுக்குரியது, பொருட்படுத்த வேண்டாதது என்று அதன் மேல் ஏறிய மூன்றும் அவரவர் படைத்தவை.

அதே அத்தியாயத்தில் இன்னொரு உதாரணம். இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவரின் மகன் தூர தேசம் போயிருக்கிறான், அங்கே நன்றாகத்தான் இருக்கிறான். ஒரு பொய்யன் வந்து, மகன் இறந்துவிட்டான் என்கிறான். அப்பா கதறுகிறார். இப்போது மாற்றிப் பார். மகன் உண்மையிலேயே இறந்துவிட்டான், சேதி மட்டும் வந்து சேரவில்லை. அப்பா அழுவதில்லை. ஆக, அவரை அழவைத்தது வெளியே இருக்கும் மகன் இல்லை, அவர் மனத்துக்குள் இருக்கும் மகன்தான். மனிதனைக் கட்டிப்போடும் பந்தத்துக்குக் காரணம் மனம் படைத்த உலகம்தான் என்று வித்யாரண்யர் முடிக்கிறார்.

உன் வகுப்பில் சொல்வதும் இதுவரைக்கும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வித்யாரண்யர் சொல்லாத ஒன்றைக் கவனி. அப்பா அழுததால் தூர தேசத்தில் இருந்த மகன் செத்துப்போகவில்லை. அவர் நிம்மதியாக இருந்ததால் இறந்தவன் எழுந்து வரவும் இல்லை. நம்பிக்கை அவருடைய நாளை மாற்றியது, மகனின் உயிரை மாற்றவில்லை. உன் குழப்பம் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான்.

உலகம் மாயை என்று சொன்னவராயிற்றே என்று ஆதிசங்கரரைத் துணைக்கு அழைப்பார்கள். அவரே பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில், வெளியே பொருளே இல்லை, எல்லாம் விஞ்ஞானமே, அதாவது மனத்தில் தோன்றும் உணர்வே என்ற பௌத்தக் கட்சியை எதிர்த்து வாதாடுகிறார். சாப்பிட்டு, வயிறு நிறைந்ததையும் உணர்ந்துகொண்டே, நான் சாப்பிடவும் இல்லை, எனக்கு நிறையவும் இல்லை என்று ஒருவன் சொன்னால் எப்படியோ அப்படி இருக்கிறது உங்கள் பேச்சு என்று கேலியே செய்கிறார். விழிப்பில் காண்பது கனவைப் போன்றது அல்ல என்று அடுத்த சூத்திரத்திலேயே பிரிக்கிறார். கீதையின் 17ஆம் அத்தியாயத்தில், மனிதன் சிரத்தையால், அதாவது நம்பிக்கையால், ஆனவன், எதில் ஒருவனுடைய சிரத்தையோ அதுவே அவன் என்று வருகிறது. அவன் அதுவாகிறான் என்றுதான் அங்கே இருக்கிறது. அவன் நினைத்தது அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று இல்லை.

அப்புறம் புத்தர். எல்லாவற்றுக்கும் முன்னே போவது மனம் என்று தொடங்கும் தம்மபதத்தைத்தான் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற ஊர் சுற்றும் துறவி கேட்ட கேள்வியை யாரும் காட்டுவதில்லை. மனிதன் அனுபவிக்கிற இன்ப துன்பம் எல்லாம் முன்செய்த வினையால் வந்ததுதான் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடிக் கெடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, வெளியிலிருந்து வரும் தாக்குதல், இவற்றோடு எட்டாவதாக வினை. எல்லாம் வினையே என்பவர்கள் தாங்களே அறிந்ததையும், உலகம் உண்மை என்று ஏற்றதையும் மீறிப் போகிறார்கள் என்கிறார். வினைக் கோட்பாட்டைப் போதித்தவரே அதற்கு எட்டில் ஒரு இடம்தான் கொடுத்திருக்கிறார். உன் வகுப்பில் நினைப்புக்கு எட்டு இடத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நினைப்பதெல்லாம் நம்மிடம் இழுத்து வரப்படும் என்று, "ஈர்ப்பு விதி" என்ற பெயரில் அவர்கள் சொல்வது உபநிடதத்திலிருந்து வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு வயது அவ்வளவு இல்லை. அமெரிக்காவில் ஃபினியஸ் குவிம்பி (1802-1866) என்ற கடிகாரத் தொழிலாளி, நோய்க்குக் காரணம் தவறான நம்பிக்கையே என்று சொல்லி மனத்தால் வைத்தியம் பார்த்தார். அவர் வழியில் கிளம்பிய இயக்கத்தைச் சேர்ந்த வில்லியம் வாக்கர் அட்கின்சன் 1906இல் ஈர்ப்பு விதி என்ற பெயரையே தலைப்பில் வைத்துப் புத்தகம் போட்டார். காவி பிறகு பூசியது. (நம் ஊர் ஆட்கள் இதற்குக் குறளையும் விடவில்லை. "எண்ணிய எண்ணியாங்கு எய்துப" என்பதோடு போஸ்டரில் நிறுத்திக்கொள்வார்கள். "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்ற மீதியும் இருக்காது, அதிகாரத்தின் பெயர் வினைத்திட்பம் என்பதும் இருக்காது.)

நம்பிக்கைக்கு உடம்பின் மேல் பிடியே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 46 பேருக்கு ஒரே மில்க் ஷேக்கை இரண்டு முறை கொடுத்தார்கள். உண்மையில் 380 கலோரி. ஒரு முறை 620 கலோரி என்றும், இன்னொரு முறை 140 கலோரி என்றும் லேபிள் ஒட்டினார்கள். 620 என்று நம்பிக் குடித்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நன்றாகவே இறங்கியது. லேபிளை நம்பி உடம்பு நடந்துகொண்டது. ஆனால் கோப்பையில் இருந்தது இரண்டு முறையும் 380தான். வித்யாரண்யர் இருந்திருந்தால் ரத்தினத்தை விட்டுவிட்டு இதையே உதாரணமாக எடுத்திருப்பார்.

புற்றுநோய்க்கு வருவோம். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களுடைய மனநிலை எப்படி இருந்தது என்பதற்கும் எவ்வளவு காலம் பிழைத்தார்கள் என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. நோயாளியின் சொந்த மனத்துக்கே இவ்வளவுதான் செல்லுபடி. பக்கத்து அறையில் படுத்துப் பயந்துகொண்டிருந்த மகனின் மனம் அங்கே என்ன செய்திருக்க முடியும்?

ஆனால் உன் நம்பிக்கை நிஜமாகவே வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. போன மாதம் வந்திருந்தபோது பார்த்தேன். சித்தப்பா இருமினால் நீ சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறாய். அவர் அதைக் கவனித்துவிட்டார். இருமல் வந்தால் வாயைப் பொத்தி அடக்குகிறார், இல்லாவிட்டால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுகிறார். டாக்டர் இருமல் எப்படி என்று கேட்டதற்கு, உன் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சொன்னார். இது உன் ஜீவ சிருஷ்டி. "நான் பயந்தால் நோய் வளரும்" என்று நீ நம்புவதால் பயத்தை மறைக்கிறாய். அது அவருக்குத் தெரிவதால் அவர் இருமலை மறைக்கிறார். கடைசியில் டாக்டருக்கு ஒன்றும் தெரியாமல் போகிறது. இதை மாற்றுவது உன் கையில் இருக்கிறது. பயமாக இருக்கிறது அப்பா என்று அவரிடம் சொல்லிவிடு. அவர் ஒன்றும் நொறுங்கிப்போக மாட்டார்.

வகுப்பை விட்டுவிடவா என்றும் கேட்டிருந்தாய். உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் அந்த அரை மணி நேரத்தில் உனக்குப் படபடப்பு அடங்குகிறது என்றால் போ, நல்லதுதான். பிரசங்கம் ஆரம்பித்ததும் எழுந்து வந்துவிடு. "அப்பா குணமாகிவிட்டார்" என்று தினமும் நோட்டில் எழுதச் சொன்னார்களே, அந்த நோட்டில் அவர் எப்போது இருமினார், எவ்வளவு சாப்பிட்டார், எந்த மாத்திரைக்குப் பிறகு வாந்தி வந்தது என்று எழுது. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போ. ஸ்கேன் தேதி தெரிந்ததும் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா