க்ரூயாவுக்கும் ஒரு நடை போய் வா

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். லீவுக்கு எல்லோருமாக அல்பேனியா போகிறோம் என்றாய், சந்தோஷம். கடற்கரையிலேயே நாளெல்லாம் போய்விடாமல், தலைநகர் திரானாவில் இருக்கும்போது க்ரூயாவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மலைமேல் இருக்கும் ஊர். அங்கே போகிறவர்கள் கோட்டையையும் பழைய கடைத்தெருவையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நான் போகச் சொல்வது அங்கே வாழ்ந்த ஒரு குடும்பத்துக்காக.

அதுவரை அல்பேனியாவைப் பிடித்து வைத்திருந்த இத்தாலி 1943 செப்டம்பரில் சரணடைந்ததும் ஹிட்லரின் ஜெர்மன் படை அங்கே வந்துவிட்டது. போருக்கு முன் அந்த நாட்டில் யூதர்கள் சுமார் 200 பேர்தான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூகோஸ்லாவியாவிலும் துரத்தப்பட்டவர்கள் வந்து சேர்ந்ததில் அது பல மடங்காகியிருந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் மோஷே மாண்டில், புகைப்படக்காரர். திரானாவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். ரெஃபிக் வெசெலி என்ற முஸ்லிம் பையன் அங்கே தொழில் கற்றுக்கொண்டிருந்தான். வயது 17.

ஜெர்மானியர் வந்ததும் அவன் அப்பா வெசெலிடமும் அம்மா ஃபாத்திமாவிடமும் கேட்டான்: மாண்டில் குடும்பத்தை நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? அவர்கள் சரி என்றார்கள். மோஷே, மனைவி கப்ரியேலா, பிள்ளைகள் காவ்ரா, இரேனா நான்கு பேரையும் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு க்ரூயாவில் இருந்த தன் வீட்டுக்குக் கிளம்பினான். பகலில் குகைகளில் ஒளிந்து, இரவில் மட்டும் பயணம்.

ரெஃபிக்கை எல்லோரும் பாராட்டுகிறார்கள், பாராட்ட வேண்டியவன்தான். என் மனசு போய் நிற்பது அவன் அம்மா ஃபாத்திமாவிடம். பெரியவர்கள் இருவரையும் கொட்டகைக்கு மேலே இருந்த சின்ன அறையில் மறைத்தார்கள். பிள்ளைகளை மறைக்கவில்லை, தங்கள் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வெளியே விளையாட விட்டார்கள். யோசித்துப் பார், ஒரு குழந்தை வாய் தவறித் தன் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், இரண்டு குடும்பமும் தொலைந்தது. போர்க்காலத்தில் கூடுதலாக நான்கு பேருக்குச் சோறு வேறு போடணும். கொஞ்ச நாளில் இன்னொரு மகன் ஜெமால், திரானாவிலிருந்து இன்னொரு யூதக் குடும்பத்தையும் கூட்டி வந்தான். அதற்கும் அவள் மறுக்கவில்லை. 1944 நவம்பரில் நாடு விடுதலையாகும் வரை இப்படியே ஓடியது. நீ 17 வயதில் வந்து இப்படிக் கேட்டிருந்தால் நான் உடனே சரி என்றிருப்பேனா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

ஏன் காப்பாற்றினார்கள் என்று அங்கே உள்ளவர்களைக் கேட்டால் 'பெசா' என்பார்கள். கொடுத்த வாக்கை உயிர் போனாலும் காப்பது. வீடு கடவுளுக்கும் விருந்தாளிக்கும் சொந்தம் என்பது அவர்களுடைய பழைய மலைநாட்டுச் சட்டம். உண்மைதான். யூதர்களின் பட்டியலைக் கொடு என்று ஜெர்மானியர் கேட்டபோது அல்பேனிய அதிகாரிகள் கொடுக்கவில்லை, அரசு அலுவலகங்களிலேயே பலருக்குப் போலி ஆவணம் எழுதிக் கொடுத்தார்கள். முஸ்லிம் வீடுகள் மட்டுமல்ல, கிறிஸ்தவர் வீடுகளும் கதவைத் திறந்தன. போர் முடிந்தபோது முன்பைவிட அதிக யூதர்கள் அங்கே உயிரோடு இருந்தார்கள். ஐரோப்பாவில் வேறெங்கே இப்படிப் பார்க்க முடியும்?

ஆனால் பெசா மட்டுமே காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்போது அல்பேனியாவோடு சேர்க்கப்பட்டிருந்த கொசோவோவில், 1944 மே மாதம் பிரிஷ்டினாவில் 281 யூதர்களைப் பிடித்தது அல்பேனியர்களைச் சேர்த்து நாஜிகள் உருவாக்கிய எஸ்எஸ் படைப்பிரிவுதான். அவர்களில் பெரும்பாலானவர்களைப் ஜெர்மனியில் இருந்த பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பிடித்தவர்களும் அதே வழக்கத்தில் வளர்ந்தவர்கள்தானே? அதனால்தான் ஊர்ப் பெருமையை விட்டுவிட்டு, ஃபாத்திமா, வெசெல் என்று ஆள் பெயர் சொல்லியே இதை உனக்கு எழுதுகிறேன்.

போருக்குப் பிறகு மாண்டில் குடும்பம் யூகோஸ்லாவியாவில் தங்கள் ஊரான நோவி சாத் நகருக்குத் திரும்பி ரெஃபிக்கையும் வரவழைத்துத் தங்களோடு வைத்துக்கொண்டது. பாதியில் நின்ற தொழிலை மோஷே அவனுக்குத் தொடர்ந்து கற்றுக்கொடுத்தார். அப்புறம் அவர்கள் இஸ்ரேல் போய்விட்டார்கள். அல்பேனியாவோ கம்யூனிஸ்ட் ஆட்சியில் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டது. பெரியவனான பிறகு காவ்ராதான் இஸ்ரேலில் இருக்கும் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெமுக்கு எல்லாவற்றையும் எழுதினார். 1987-இல் யூதர்களைக் காப்பாற்றியவர்கள் என்று வெசெலி குடும்பத்துக்கு அங்கே அங்கீகாரம் கிடைத்தது. அல்பேனியர்களில் அவர்கள்தான் முதல்.

நிலாவையும் கூட்டிப் போ. காவ்ராவுக்கு அப்போது ஏறக்குறைய அவள் வயதுதான். கழுதைப் பயணத்திலிருந்து ஆரம்பித்துச் சொல், கவனமாகக் கேட்பாள். நேரம் இருந்தால் பெராத் ஊருக்கும் போங்கள். அங்கே இதற்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. 2018-இல் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் தொடங்கியது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள். கிளம்பும் முன் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா