கேட்டைப் பூட்டியாச்சு, அப்புறம்?

தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு என் தங்கை படிக்கும் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) நடந்த ஒரே மாற்றம், பெண்கள் விடுதிக் கேட்டை எட்டு மணிக்குப் பதிலாக ஆறரைக்கே பூட்டுவதுதான். பையன்கள் விடுதிக்கு வழக்கம்போலப் பத்து மணி. உள்ளே நுழைந்து தப்பு செய்தவன் வெளியாள், பூட்டு மட்டும் பிள்ளைகளுக்கு.

பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதிக்குப் போடக் கூடாது என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. படித்தீர்களா?

அந்த மாணவி உடனே போலீசில் புகார் கொடுத்தாள். வீடியோவைக் காட்டி மிரட்டியவனுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளவில்லை. பதிலுக்கு அவளுக்குக் கிடைத்தது, அவளுடைய விவரங்களோடு இணையத்தில் கசிந்த எஃப்ஐஆர். உயர் நீதிமன்றம் தலையிட்டு, எஃப்ஐஆர் எழுதப்பட்ட விதத்தையே கண்டித்து, விசாரணையை மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளிடம் கொடுத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, அதில் 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கிடையாது. சரி, அவன் வெளியாள், போலீஸ் பிடித்தது. தொந்தரவு கொடுப்பவர் உங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருந்தால்?

அங்கேதான் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. இருட்டைவிட இன்டர்னல் மார்க்குக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அதோடு, வீட்டுக்கு போன் போனால் படிப்பே நின்றுவிடும் என்ற பயமும் இருக்கிறது. புகாருக்கு ஆளானவர், புகார் கொடுத்த மாணவியின் தாளைத் திருத்தாமல் விலக்கி வைக்க, பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் உங்கள் உள் புகார்க் குழு பரிந்துரைக்கலாம், அதே யுஜிசி விதியில் இடம் இருக்கிறது. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். டீனோ துறைத்தலைவரோ அந்தக் குழுவில் இருக்கக் கூடாது, வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்தலில் ஜெயித்து வந்த மூன்று மாணவர்களும் வேண்டும். "கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாம்மா" என்று நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது, அதை அந்தப் பெண்தான் கேட்க வேண்டும், அப்போதும் பணம் வாங்கிக் கொடுத்து முடிப்பதற்கு இடமில்லை.

உங்க காலேஜ் குழுவில் யார் யார் இருக்காங்க என்று தங்கையிடம் கேட்டேன். "எந்தக் குழு?" என்றாள். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

விளக்கும் கேமராவும் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் அடுத்த செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் மாணவர் உறுப்பினர்களுக்கு ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்துங்கள், குழுவினரின் பெயரையும் போன் நம்பரையும் விடுதி மெஸ் வாசலில் தமிழில் ஒட்டுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் அன்றைக்கு மட்டும் ஒட்டிவிட்டு மறுநாள் கிழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருத்தியின் அக்கா