திடீரென்று கிளம்பிய ஒரு வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று தெரியும், நேற்று ராத்திரிதானே வீடியோ காலில் பார்த்தேன். அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் எதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை அம்மா. நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போகிறாய், போன் அப்பா கைக்குப் போகிறது, அவர் "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறார். அதனால் எழுதியே அனுப்புகிறேன். அப்பா நிதானமாக உனக்குப் படித்துக் காட்டட்டும்.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு பேரும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் விளையாட்டுப் பூங்காவுக்குப் போய் வந்தோம். செந்தோசா தீவில் இருக்கிறதே, அந்தப் பெரிய உலக உருண்டை சுற்றிக்கொண்டே இருக்கும் இடம், அதுதான். இங்கே ஆசிரியர் தினம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை வரும், அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, அதை ஒட்டியே ஒரு வாரம் விடுமுறை. பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாப்பிள்ளைக்கு அன்று வேலை நாள். வியாழன் ராத்திரி துவாஸ் கப்பல் யார்டிலிருந்து வந்தவர், வரவேண்டிய கப்பல் வரவில்லை, நாளைக்கு யார்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். சரி, தூங்கட்டும், மத்தியானம் துணிமணிகளைத் துவைத்துப் போடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவள் "அப்பா வீட்ல இருக்காங்க, நாங்களும் இருக்கோம், எங்கயாவது போலாமா" என்று கேட்டாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

நம் வீட்டில் இப்படி ஒரு நாளாவது நடந்திருக்கிறதா சொல்லு? தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா விளையாட்டுப் பூங்கா திறந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதையே பேசுவார்கள். நாமும் போகலாம் என்று மாதக்கணக்கில் பேசுவோம். தண்டையார்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம், அதற்கப்புறம் இன்னொரு பஸ், சாப்பாடு கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பவேண்டும் என்று நீ கணக்குப் போடுவாய். கடைசியில் அப்பாவுக்கு ஷிப்ட் மாறிவிடும், இல்லையென்றால் பெரியம்மா வந்துவிடுவார், இல்லையென்றால் மழை. யாரையும் குறை சொல்லவில்லை. அந்த மாதிரி இடங்கள் எல்லாமே ஊருக்குத் தெற்கே போய் உட்கார்ந்துகொண்டால் நம்மைப் போன்ற வடசென்னைக்காரர்கள் என்ன செய்ய முடியும்? விஜிபி, எம்ஜிஎம் இரண்டும் ஈசிஆரில், இப்போது வந்திருக்கும் வொண்டர்லா திருப்போரூர் பக்கம். நமக்குக் கிட்டத்தில் இருந்தது தீவுத்திடல் பொருட்காட்சி ஒன்றுதான். அதிலும் ராட்சத ராட்டினத்தில் ஏறி, மேலே போனதும் ஹார்பர் தெரிகிறதா என்று பார்ப்போம், அப்புறம் டெல்லி அப்பளம் ஆளுக்கொன்று. அது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் போகவேண்டும் என்று தோன்றிய அதே நாளில் போய்விட முடிகிறது என்பது எனக்குப் புதுசு, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எப்படி முடிந்தது என்றால், ரயில்தான் காரணம். எங்கள் செங்காங் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் எம்ஆர்டி, அங்கே ஏறினால் லிட்டில் இந்தியா, சைனாடவுன் எல்லாம் தாண்டி ஹார்பர்ஃபிரண்ட் கடைசி ஸ்டேஷன், ரயில் மாறவே வேண்டாம், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அப்பா, இந்த ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது, முழுக்கப் பூமிக்கு அடியில் தானாக ஓடுகிறது, 2003-லிருந்து அப்படித்தான் ஓடுகிறதாம். கதவருகே ஒட்டியிருக்கும் எச்சரிக்கையில் தமிழும் இருக்கும். சின்னவன் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கிறான், ஏறினால் அதைத்தான் முதலில் படிப்பான். நுழைவுச்சீட்டையும் ரயிலில் போகும்போதே மாப்பிள்ளை போனில் வாங்கிவிட்டார். இன்ன தேதிக்கு என்று குறிப்பிட்டு வாங்கவேண்டும், அன்றைய தேதிக்கே கிடைத்தது.

பணம் எவ்வளவு என்று நீ கேட்காமல் விடமாட்டாய், நானே சொல்கிறேன். பெரியவர்களுக்கு 80 டாலருக்கு மேல், நாலு வயது முதல் பன்னிரண்டு வயது வரைக்கும் 60 டாலருக்குக் கொஞ்சம் மேல், நாலு வயதுக்குக் கீழே இலவசம். எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து 300 டாலரை நெருங்கிவிட்டது, நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். உனக்குத் திக்கென்று இருக்கும். எனக்கும் நம் ஊர்க் கணக்கில் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் மாப்பிள்ளை இந்த வருஷம் பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டில் இருந்ததே குறைவு அம்மா. ஓவர்டைம் பணம் கொஞ்சம் தனியாக இருந்தது. அதை இதற்குச் செலவு செய்ததில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

அப்பா, இந்தப் பகுதி உங்களுக்கு. ஹார்பர்ஃபிரண்டில் இறங்கியதும் தீவுக்குப் போக ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது, ஆளுக்கு 4 டாலர். கடலை ஒட்டி நடைபாதையும் போட்டிருக்கிறார்கள், அதற்குக் காசு இல்லை, நாங்கள் நடந்தே போனோம். வலது பக்கம் தலைக்கு மேலே கேபிள் கார் போகிறது. இடது பக்கம் பிரானி தீவு, அங்கே வரிசையாகக் கப்பல் கிரேன்கள். கையைக் காட்டி, உங்கள் தாத்தா இந்த மாதிரி கிரேனுக்குக் கீழேதான் வேலை பார்த்தார் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இந்தியாவிலேயே முதல் கண்டெய்னர் டெர்மினல் 1983-ல் நம் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்தது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அதையும் சொன்னேன். சின்னவன் அப்படியே நின்றுவிட்டான். "தாத்தா அவ்ளோ உயரத்துல ஏறுவாரா" என்று கேட்டான். கிரேன் எப்படிப் பெட்டியைப் பிடிக்கிறது, கப்பல் ஆடினால் என்ன செய்வார்கள் என்று வரிசையாகக் கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், மீதியை நீங்கள்தான் சொல்லவேண்டும். ஒன்று சொல்கிறேன், இந்தக் கிரேன்களை இங்கே ரொம்ப நாள் பார்க்க முடியாது. ஊருக்குள் இருக்கும் கெப்பல், பிரானி டெர்மினல்களை 2027-க்குள் காலி செய்து எல்லாவற்றையும் மேற்கே துவாஸுக்குக் கொண்டுபோகிறார்கள். உலகத்திலேயே ஷாங்காய்க்கு அடுத்தபடி அதிகக் கண்டெய்னர் கையாளும் துறைமுகம் இது, நீங்கள் இதை வேலை நடக்கும்போதே பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

உள்ளே போனதும் கூட்டம். பள்ளிக்கூட லீவு என்றால் நம்மைப் போலவே ஊரே நினைக்காதா? ஆனால் வரிசை ஒழுங்காக நகர்கிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள், முக்கால்வாசி வரிசை நிழலில்தான். தனியாக ஏறத் தயார் என்றால் அவர்களுக்குத் தனி வரிசை, காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்காரவைத்து அனுப்பிவிடுகிறார்கள். மாப்பிள்ளை அதில் போய் சிவப்பு, நீலம் என்று இரண்டு தண்டவாளம் பக்கம் பக்கமாக ஓடும் அந்த ரோலர் கோஸ்டரில் ஏறினார். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், நீலத்தில் கால் தொங்கும். இரண்டிலும் ஏறிவிட்டுத் தலைமுடி எல்லாம் நட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். கல்யாணம் ஆன புதிதில் மெரினாவில் பார்த்த முகம்.

இங்கே வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். வாசலில் அளவுகோல் வைத்து நிற்கவைக்கிறார்கள். பெரியவள் 123 சென்டிமீட்டர். எகிப்துப் பகுதியில் இருட்டுக்குள் ஓடும் ஒரு வண்டி இருக்கிறது, அதற்கு 122 போதும், அதில் அப்பாவோடு போய்விட்டாள். நடுவில் வண்டி நின்று பின்பக்கமாக ஓடுமாம், வெளியே வந்து எனக்குக் கையைக் காலை ஆட்டிக் கதை சொன்னாள். அந்தச் சிவப்பு நீலத்துக்கு 125 வேண்டும், விடவில்லை. சின்னவன் 104. ரோபோக்கள் சண்டை போடும் விளையாட்டுக்கு 102, பெரியவர் கூட இருந்தால் விடுவார்கள், அதனால் அவனும் உள்ளே வந்துவிட்டான். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு வண்டியில் உட்காரவேண்டும், வண்டி நிஜமாகவே ஓடுகிறது, சுற்றியும் பெரிய திரைகள், விழுகிற மாதிரியே இருக்கிறது, நான் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவன் "பயப்படாதம்மா" என்றான். ஆனால் டைனோசர் பகுதியில் ஆற்றில் படகு போகும் விளையாட்டுக்கு 107 கேட்கிறார்கள். அதில்தான் அவனுக்கு ஆசை. குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தான். அங்கே நின்றிருந்த பெண் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, நிறைய சாப்பிட்டு வளர்ந்து வா, நான் ஏற்றிவிடுகிறேன் என்று சொன்னாள். அதட்டவில்லை, விரட்டவில்லை. அவன் அழுகையை அப்படியே முழுங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். அம்மா, இனிமேல் அவனுக்கு மீன் ஊட்டுகிற கஷ்டம் எனக்கு இல்லை. உன் கையால் வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தால் 107 சீக்கிரம் வந்துவிடும்.

மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இங்கே இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியில் ஓடும் விளையாட்டுகளை உடனே நிறுத்திவிடுவார்கள், யார் கேட்டாலும் நடக்காது. நுழைவாசலை ஒட்டிய தெருவுக்கு முழுசாகக் கூரை போட்டிருக்கிறார்கள். பூங்காவில் இருந்த கூட்டம் பாதி அங்கே வந்துவிட்டது. சீனக் குடும்பம், மலாய்க் குடும்பம், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெரிய கூட்டம், எங்களுக்குப் பக்கத்தில் மதுரைப் பேச்சு பேசும் ஒரு பாட்டியும் பேரனும். அந்தப் பாட்டிக்கு உன் வயசுதான் இருக்கும். மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். "எதுலயும் ஏறல, சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன், நேரம் போனதே தெரியல" என்றார். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே பாட்டு போட்டு ஆடுகிறார்கள், அந்தப் பாட்டி கைதட்டித் தாளம் போடுகிறார். அந்த மழை நின்ற பிறகு வரிசை எல்லாம் குறைந்துவிட்டது. வேர்க்கவும் இல்லை. கடைசி இரண்டு மணி நேரம் பெரியவள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். காலையில் திட்டம் போட்டு வந்திருந்தால் மழை வந்ததும் மனசு உடைந்திருக்கும். நாங்கள் எந்தக் கணக்கும் இல்லாமல் வந்ததால் மழையும் அன்றைக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. எகிப்துப் பகுதியில் நம் பக்கத்துச் சாப்பாடு கிடைக்கிறது, விலைதான் கூட. மத்தியானத்துக்கு மட்டும் அங்கே சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஹார்பர்ஃபிரண்ட் எதிரில் இருக்கும் சீ இம் உணவங்காடியில் வயிறார முடித்தோம். ரயிலில் இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள், சின்னவனை மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எப்போது கூப்பிட்டாலும் "முட்டி வலி, அவ்ளோ தூரம் எதுக்கு, அப்புறம் பாக்கலாம்" என்கிறாய். அந்த அப்புறம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கிஷ்கிந்தாவுக்கு நாம் சொன்ன அதே அப்புறம். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் அம்மா, பெரியவள் இன்னும் நாலு வருஷத்தில் நம்மோடு கை கோத்து நடக்க வருவாளோ என்னவோ. உனக்கு என்ன கஷ்டம் சொல்லு? முன்பு மாதிரி விமான நிலையம் போக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசவேண்டாம், தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் அதே ரயில் விமான நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. லிப்ட் இருக்கிறது. விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. சாங்கியில் நான் நிற்பேன். முட்டிக்குச் சிரமமாக இருந்தால் பூங்கா வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது, உன்னைத் தள்ளிக்கொண்டு போக இரண்டு பேரப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

தம்பியிடம் சொல்லி உங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் பீரோவிலிருந்து எடுக்கச் சொல்லு. காலாவதி ஆக இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கவேண்டும், அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். வெள்ளைப் பின்னணியில் ஆளுக்கு ஒரு புகைப்படமும் வேண்டும், காலடிப்பேட்டை ஸ்டுடியோவில் விசாவுக்கு என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். மீதி விண்ணப்பத்தை நான் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன். சிங்கப்பூருக்குள் வர நிரப்பவேண்டிய வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், அதற்குக் காசு இல்லை, அதையும் நானே போட்டுவிடுகிறேன். நவம்பர் கடைசியிலிருந்து பிள்ளைகளுக்கு வருஷ விடுமுறை. இந்த வாரத்துக்குள் போட்டோ வரவில்லை என்றால் தினமும் காலையில் சின்னவனை விட்டு அப்பாவுக்குப் போன் போடச் சொல்வேன்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
செங்காங், சிங்கப்பூர்