சத்தம் வந்ததும் கையை எடு

அன்பு மகளுக்கு,

புளியரையிலிருந்து அப்பா எழுதுகிறேன். நட்டை வேண்டிய முறுக்கு அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், அளவை எட்டி ‘டக்’ என்ற பிறகும் இழுத்தால் நட்டு இன்னும் திரும்புகிறதே, கருவி பழுதா என்று கேட்டிருந்தாய். பழுதில்லை, அதன் அமைப்பே அப்படித்தான்.

ரெஞ்சின் குழாய் போன்ற உடலுக்குள் கனத்த சுருள் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. கைப்பிடியைத் திருகி அளவு வைக்கும்போது உள்ளே ஒரு மரைத்தண்டு நகர்ந்து அதை அழுத்துகிறது. ஸ்பிரிங்கின் மறுமுனை ஒரு சிறு எஃகுக் கட்டையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சாக்கெட் மாட்டும் தலையின் வால் குழாய்க்குள் நீண்டு வந்து, அந்தக் கட்டையில் முட்டி நிற்கும். வைத்த அளவை எட்டும்வரை தலையும் குழாயும் ஒரே துண்டாக நகரும். எட்டிய நொடியில் கட்டை சாய, வால் குழாயின் உட்சுவரில் போய் மோதும். நீ கேட்பது அந்த மோதலைத்தான்.

மோதிய பிறகு உன்னைத் தடுக்க உள்ளே எதுவும் கிடையாது. அப்போது அது வெறும் ஸ்பேனர். இழுக்க இழுக்க முறுக்கு ஏறும். அதனால் நிதானமாக இழு, சத்தம் கேட்டதும் விடு. கைப்பிடியின் நடுவில் பிடி. குழாய் செருகி நீட்டாதே. இறுகிய நட்டைக் கழற்றவும் இந்த ரெஞ்சை எடுக்காதே.

மரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மற்றதெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய மரையில் வைத்தால், உராய்வு குறைந்து போல்ட் தாங்காத அளவுக்கு இழுபடும். ரெஞ்ச் அப்போதும் சரியான அளவில்தான் ‘டக்’ என்னும்! ஆரியங்காவு கணவாயில் சுமையோடு இறங்கும் லாரிகளைத் தினமும் பார்க்கிறேன், அவற்றின் சக்கரங்களைக் கழலாமல் வைத்திருப்பது போல்ட்டின் இந்தப் பிடிதான். ஆகவே முதலில் மரையைத் துடைத்துப் பார், பிறகு கையேட்டைப் பார்.

வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த அளவின் கோட்டுக்கு இறக்கி வை, இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அந்தக் கோட்டுக்கும் கீழே மட்டும் திருகாதே.

இத்தகைய கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 என்ற சர்வதேசத் தரத்தின்படி, வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில், 12 மாதம் அல்லது 5,000 தடவை, எது முந்துகிறதோ அப்போது அளவைச் சரிபார்க்க வேண்டும். உன் ரெஞ்சில் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா