மினிமம், மேக்சிமம் குறிகளை இறுதி செய்யும் முன்: புது நிரல்மொழி எழுதும் சேலம் மாணவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சேலத்துக் கல்லூரி லேபில் உட்கார்ந்து நீங்கள் சொந்தமாக ஒரு கம்பைலர், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள், எழுதுவதில் மலைமேல் இருக்கும் எனக்குப் பெரிய சந்தோஷம். உங்கள் மொழியின் வரைவைப் படித்தேன். அதில் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். இரண்டு மதிப்புகளில் சிறியதை எடுக்க <? என்றும் பெரியதை எடுக்க >? என்றும் இரண்டு செயற்குறிகள் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பக்கம்.

இதே குறிகள் ஒருகாலத்தில் ஜிசிசி கம்பைலரில், சி++ மொழிக்கான கூடுதல் வசதியாக இருந்தன. வைத்ததற்கு நியாயமான காரணமும் இருந்தது. மினிமத்தை மேக்ரோவாக, அதாவது கொடுத்ததை அப்படியே வெட்டி ஒட்டும் குறுக்குவழியாக எழுதினால், உள்ளே ++ (ஒன்றைக் கூட்டும் குறி) போட்ட மாறி எதுவும் வந்தால் அது இரண்டு முறை கூடிவிடலாம். செயற்குறி என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் 4.0 பதிப்பு வாக்கில் இவற்றைக் கைவிடப்போவதாகச் சொல்லி, பிறகு எடுத்தேவிட்டார்கள். தர நூலகத்திலேயே அந்த வேலைக்கு ஒரு ஃபங்ஷன் இருக்கும்போது தனிக் குறி எதற்கு? சரி, குறி உங்கள் விருப்பம். அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் என் கவலை. 'நேன்', அதாவது எண் அல்லாத மதிப்பு, ஒரு பக்கம் வந்தால் விடை என்ன?

ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு வெப்பநிலை பதிவாகும் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ராத்திரி குளிர் எவ்வளவு இறங்கியது என்று ஒரே ஒரு எண் காலையில் போய்ச் சேர வேண்டும். சென்சார் ஒயரில் ஈரம் ஏறினால் எண் வரவேண்டிய இடத்தில் நேன் வந்து உட்காரும். பைத்தான் மொழியில் 14.5, நேன் என்ற வரிசையில் கொடுத்து மினிமம் கேளுங்கள், 14.5 வரும். நேனை முன்னால் வைத்துக் கேளுங்கள், நேன் வரும். சிறியதா என்று நேனை எதோடு ஒப்பிட்டாலும் பதில் 'இல்லை'தான். அதனால் முதலில் வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. பட்டியலின் தலையில் நேன் இருந்தால் ராத்திரி முழுக்கப் பதிவான எண்கள் வீண். நடுவில் இருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு எண் வரும். எனக்கு இந்த இரண்டாவதுதான் பயம்.

பெரியவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். மிதவைப் புள்ளி எண்களுக்கான, அதாவது கணினியில் தசம எண்களை வைக்கும் முறைக்கான, ஐஇஇஇ 754 தரத்தின் 2008 பதிப்பு, ஒரு பக்கம் சாதாரண நேன் வந்தால் மறுபக்க எண்ணைக் கொடு என்றது. எச்சரிக்கை எழுப்பும் வகை நேன் வந்தாலோ விடையும் நேன். விளைவு, மூன்று மதிப்புகளை எந்த ஜோடியில் தொடங்கிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. 2019 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு, நேன் வந்தால் நேனையே விடையாகக் கடத்துவதற்கு ஒன்று, நேனைத் தள்ளிவிட்டு எண்ணை எடுப்பதற்கு ஒன்று என இரண்டாகப் பிரித்தார்கள். 2023-இல் கோ மொழி 1.21 பதிப்பில் மினிமம், மேக்சிமத்தை மொழிக்குள்ளேயே சேர்த்தபோது கடத்தும் வழியைத் தேர்ந்தெடுத்தது. நீங்களும் அதையே செய்யுங்கள். தள்ளிவிடும் வேலைக்குத் தனியாக ஒரு பெயர் கொடுங்கள். வேண்டுமென்று கேட்பவர் அதை எழுதிக் கேட்கட்டும்.

அப்புறம் வரம்பு கட்டும் விஷயம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. திரையில் நீர்மட்டம் அதற்கு மேல் காட்டக் கூடாது என்றால் கை தன்னால் மேக்சிமம் என்று தட்டும். எழுத வேண்டியது மினிமம். ஜங்ஷன் ஆட்டோவில் 'மினிமம் ஐம்பது ரூபாய்' என்பதை நிரலாக்கப் போனால் மேக்சிமம் எழுத வேண்டும். அனுபவசாலிகளும் தலைகீழாக எழுதும் இடம் இது, குறியை மாற்றினாலும் தீராது. இன்ன மதிப்பை இதற்கும் இதற்கும் நடுவில் வை என்று மூன்று மதிப்பு வாங்கும் ஒரு ஃபங்ஷனைக் கூடவே கொடுத்துவிடுங்கள். கீழ் வரம்பு மேல் வரம்பைவிடப் பெரிதாக இருந்தால் பிழை என்று நிறுத்துங்கள்.

இரண்டு குறிகளுக்கும் ஒரே முன்னுரிமை, இடமிருந்து வலம் என்று வரைவில் இருக்கிறது. 5 <? 10 >? 20 என்று எழுதினால் உங்கள் கணக்கில் விடை 20. வலப்பக்கத்தை முதலில் சேர்த்துப் படிப்பவருக்கு 5. பள்ளியில் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் சொல்லிக் கொடுத்த மாதிரி இதற்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டும் கலந்து வந்தால் அடைப்புக்குறி போடச் சொல்லி கம்பைலர் அடம்பிடிக்கட்டும்.

காலிப் பட்டியலில் மேக்சிமம் கேட்டால்? ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றும் கொடுக்காமல் கேட்டால் மைனஸ் முடிவிலி தரும். கணிதப்படி சரிதான், ஆனால் தோட்டக்காரருக்கு அனுப்ப முடியாது. பைத்தான் பிழை எழுப்பும். இந்த ஒன்றில் எனக்குப் பைத்தான்தான் பிடிக்கும்.

நேன் முன்னால், பின்னால், நடுவில், இரண்டு பக்கமும் என்று ஒரு சோதனைக் கோப்பு என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன். பதிப்பு ஒன்றை வெளியிடும் முன் அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து ஒரு நிரலர்